பல்லில் பதிந்த வரலாறு

குழந்தைக்கு முதற்பல் அரும்பியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து மகிழ்வது நம் நாட்டுத் தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். தேங்காயைப் பல்லின் வடிவிற் சிறு துண்டுகளாகக் கீறிக் கொழுக்கட்டையின் விளிம்பிற் பதித்து, குழந்தையை நடுவில் இருத்தி, அதன் தலைமேற் சொரிவர். அந்தப் பாற்பல் விழுகின்ற காலத்திலும் ஒரு வழக்கம் உண்டு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து, அதனை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரும்படி அணிலை வேண்டிக்கொள்ளும் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் உளர்; யாழ்ப்பாணத்திலும் உளர்; சிங்களக் கிராமங்களிலும் உளர். காலெலும்பு நீண்டதற்கோ முதுகெலும்பு நிமிர்ந்ததற்கோ நாம் விழா எடுப்பதில்லை. பல்லுக்கு மட்டுமே இந்தச் சிறப்பு.

மனிதனின் பழங்கால வாழ்வை ஆராய்வோரும் பல்லுக்கே இவ்வாறு முதலிடம் அளிக்கின்றனர். அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பல்லின் மேற்பூச்சாகிய மிளிரி நம் உடம்பிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது. அதன் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனிப்பொருளே. எலும்பு மண்ணில் உக்கி மறைந்த இடத்திலும் பல் எஞ்சிக் கிடக்கும். இன்னுமொரு வேற்றுமை உண்டு. எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைத் தானே அழித்துப் புதுப்பித்துக்கொள்வது. ஆகவே பழைய செய்திகள் அதில் அழிந்துபோகின்றன. மிளிரியோ ஒருமுறை உருவானபின் மாறுவதில்லை. பிள்ளைப் பருவத்தில் அதில் எழுதப்பட்டது எண்பது வயதிலும் அப்படியே இருக்கும். அரசர்கள் கல்லில் வெட்டிய சாசனங்களை நாம் போற்றிப் படிக்கிறோம். எழுத்தறியாத ஏழைக் குழந்தையும் தன் வாயினுள் ஒரு சாசனத்தைச் சுமந்து திரிகிறது என்பது சென்ற நூறாண்டுக்குள்ளேதான் படிப்படியாக விளங்கலாயிற்று.

இச்சாசனத்தின் எழுத்துக்களை அறிந்துகொள்ள அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை வயல்களுக்கு அப்பால் மரஞ்செறிந்த பகுதிகளுக்குச் சென்றாற் போதும். அங்கே இருவகைக் குரங்குகளைக் காணலாம். ஒன்று, தலையிலே வட்டத்தொப்பி கவிழ்த்தாற்போல மயிர் வளர்ந்த, பழுப்பு நிறமான சிறு குரங்கு. சிங்களவர் 'ரிலவா' என்பது இதனையே. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. மற்றையது சாம்பல் நிற உடலும் கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தி. இரண்டும் ஒரே மரத்திற்கூட ஏறி இருக்கலாம். ஆயினும் அவற்றின் வாயைத் திறந்து பார்த்தால் வெவ்வேறு தொழில் செய்யும் இரு குடும்பங்களின் ஆயுதப் பெட்டிகளைப் பார்ப்பது போலிருக்கும்.

சிறு குரங்கு பழம் விரும்பி. பழத்தைக் கடித்துப் பிளப்பதற்கு அகன்ற வெட்டும் பற்கள் அதற்கு முன்னே அமைந்துள்ளன. கடைவாய்ப் பற்களின் கூம்புகள் தாழ்ந்து மழுங்கியவை. கடித்ததை உடனே விழுங்காமல் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு ஓடுவதும் அதன் இயல்பு. நம் மாமரத்துக்கு அது வந்துபோன விதத்தை எண்ணினால் இது விளங்கும். மந்தியோ பழமும் விதையும் தின்னுமெனினும் இலையையே பெரிதும் நம்பி வாழ்வதற்கு ஏற்றபடி அமைந்தது. அதன் வெட்டும் பற்கள் சிறியன. கடைவாய்ப் பற்களிலே கூம்புகள் உயர்ந்து, ஒன்றையொன்று தொடும் விளிம்புகள் கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல இலையைத் துண்டாடுகின்றன. துண்டாடிய இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பதற்குப் பல அறைகள் கொண்ட இரைப்பை உள்ளே இருக்கிறது. ஆக, இரைப்பை அழிந்து மண்ணான பின்னும் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொண்டு, இது இலை தின்ற விலங்கு என்று துணிந்து கூறலாம்.

பற்களின் தொகையில் இவற்றுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. பாற்பற்கள் இருபது; நிலையான பற்கள் முப்பத்திரண்டு. ஒவ்வொரு பாதித் தாடையிலும் வெட்டும் பல் இரண்டு, வேட்டைப் பல் ஒன்று, முன்கடைவாய்ப் பல் இரண்டு, கடைவாய்ப் பல் மூன்று என்ற கணக்கு இரு திறத்தார்க்கும் பொது. ஆனால், குரங்கின் கடைவாய்ப் பல்லிலே நான்கு கூம்புகள் இவ்விரண்டாக இணைந்து, வயலிலே குறுக்கே இட்ட இரு வரப்புகள் போல நிற்கும். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் அடிப்படை அமைப்பு ஐந்து கூம்புகள். அவற்றிடையே ஓடும் பள்ளம் கவட்டைக் கொம்பின் வடிவானது. வரப்பா கவட்டையா என்று பார்த்தே, ஒரு தனிப்பல்லின் உரியவர் எந்தக் கிளையினர் என்பதை அறிஞர் சொல்லிவிடுவர்.

வேட்டைப் பல்லைப் பற்றியும் ஒரு சொல். ஆண் குரங்கு கொட்டாவி விடும்போது அதன் மேல் வேட்டைப் பற்களைப் பார்த்தவர்கள் அவற்றை எளிதில் மறவார். அவை கீழ்த் தாடையின் முன்கடைவாய்ப் பல்லோடு உராய்ந்து உராய்ந்து, சாணைக்கல்லில் தீட்டிய கத்தி போல எப்போதும் கூராகவே இருக்கும். அவை உணவுக்காக அமைந்தவை அல்ல. தன் இனத்து மற்றை ஆண்களை அச்சுறுத்துவதற்கும் போரிடுவதற்குமே. மனித வமிசத்திலே இந்தச் சாணை மிகப் பழங்காலத்திலேயே மறைந்தது. எத்தியோப்பியாவிற் கண்டெடுக்கப்பட்ட, நாற்பத்து நான்கு இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆடிப்பித்தேக்கசு என்னும் உயிரினத்தில் ஆணின் வேட்டைப் பல்லும் சிறுத்தே காணப்படுகிறது. மூளை பெருப்பதற்கு நெடுங்காலம் முன்னரே நம் முன்னோரின் பல் அடங்கிவிட்டது. ஆண்களுக்கிடையே இருந்த போட்டி தணிந்தமைக்கு அது அறிகுறி என்று கருதுவோர் பலர். கருத்து இனியதுதான், பிற்கால வரலாறு படித்த நமக்கு அதனை முழுவதும் நம்புவது சற்றுக் கடினம்.

இனி, பல்லின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் நாட்குறிப்பைப் பார்ப்போம். மரத்தைக் குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையங்கள் தெரிவது போல, பல்லை மெல்லியதாக அரிந்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் வரிகள் தெரியும். மரத்தின் வளையம் ஆண்டுக்கொன்று. மிளிரியின் நுண்வரியோ நாளுக்கொன்று! அதனினும் தடித்த வரிகள் மனிதரிற் பெரும்பாலும் எட்டு ஒன்பது நாளுக்கொரு முறை தோன்றுகின்றன. பிறந்த நாளுக்கும் ஒரு தனிவரி உண்டு. கருப்பையிலிருந்து வெளிவந்த அதிர்ச்சி பாற்பற்களிலும் முதற் கடைவாய்ப் பல்லிலும் பதிந்துவிடுகிறது. அந்த வரியிலிருந்து எண்ணத் தொடங்கினால், இறந்துபோன குழந்தை எத்தனை நாள் வாழ்ந்தது என்பதைக்கூடக் கணக்கிடலாம்.

தாய்ப்பால் மறந்த காலமும் அதிலே தெரிகிறது. பேரியம் என்னும் மூலகம் தாய்ப்பாலின் வழியாகக் குழந்தையின் உடலை மிகுதியாக அடைவது; பால் குறையும்போது பல்லில் அதன் அளவும் குறையும். முதலிற் குரங்குக் குட்டிகளின் பற்களில் இம்முறையைச் சோதித்து உறுதிசெய்துகொண்ட ஆய்வாளர், 2013 ஆம் ஆண்டிலே பெல்ஜியம் நாட்டுக் குகையொன்றிற் கிடைத்த நியண்டர்தால் குழந்தையின் பல்லை ஆராய்ந்தனர். ஏழு மாதம் தனித்த தாய்ப்பால். மேலும் ஏழு மாதம் பாலோடு பிற உணவு. பின்னர்ப் பால் திடீரென நின்றது என்று அப்பல் தெரிவித்தது. ஏன் நின்றது? தாய் இறந்தாளா, நோயுற்றாளா, மறுபடியும் கருவுற்றாளா என்பதைப் பல் சொல்லவில்லை. ஓர் இலட்சம் ஆண்டளவுக்கு முற்பட்ட ஒரு தாயையும் பிள்ளையையும் பற்றி இவ்வளவு அறிந்ததே பெரிது.

கடும் நோயும் பட்டினியும் வந்தால் மிளிரி உருவாகும் வேலை தடைப்படும். பின்னர் வேலை தொடரும்போது அவ்விடத்தில் ஒரு பள்ளம் அல்லது குறுக்குக் கோடு நின்றுவிடும். நிலையான மேல் முன்பல்லின் முடி பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதளவில் முடிவுறுகிறது. அக்கால எல்லைக்குள் குழந்தைக்கு வந்த பெருந்துன்பம் அதிற் பதியக்கூடும். மட்டக்களப்பார் 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை அறிவர். 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியை அறிவர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை அறிவர். இடையிடையே போர் கொணர்ந்த இடப்பெயர்வுகளையும் அறிவர். அந்தச் சூறாவளிக்குப் பின் கூரையிழந்து, உணவிழந்து, வயிற்றோட்டத்தில் வாடிய இரண்டு வயதுக் குழந்தையொன்று பிழைத்து வளர்ந்திருக்குமாயின், இன்று பேரன் பேத்தி கண்டிருக்கும் அவர் சிரிக்கும்போது முன்பல்லில் ஒரு மெல்லிய கோடு தெரியலாம். அதன் காரணத்தை அவரே அறியாதிருக்கலாம். இத்தகைய கோடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்ட பற்களிலும் உள்ளன. பஞ்சத்தின் வரலாறு நூல்களில் எழுதப்படாத காலத்திலும் பல்லில் எழுதப்பட்டே வந்திருக்கிறது.

பல் முளைக்கும் வயதைக் கொண்டும் பெரியதொரு செய்தி அறியப்பட்டது. முதற் கடைவாய்ப் பல் குரங்குகளுக்கு ஒன்றரை வயதளவிலும், சிம்பன்சிக்கு மூன்று வயதையொட்டியும், மனிதக் குழந்தைக்கு ஆறு வயதளவிலும் முளைக்கிறது. மூளை பெரிதாக ஆக இந்த வயதும் பிந்துகிறது. எழுத்தறிவிக்கப் பாடசாலைக்கு அனுப்பும் வயதும் இதுவே என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனாற் பொருத்தமானது. 1924 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் டவுங் என்னுமிடத்திற் கிடைத்த குழந்தை மண்டையோட்டை, மறு ஆண்டிலே றேமண்ட் டாட் என்பவர் உலகுக்கு அறிவித்தார். அதன் முதற் கடைவாய்ப் பற்கள் முளைத்திருந்தமையால் மனிதக் குழந்தையின் கணக்கை வைத்து ஆறு வயது என்று மதித்தனர். அறுபது ஆண்டுகளின் பின், 1985 இல், அவ்வினத்தின் பல்வரிகளை எண்ணிப் பார்த்தபோது, மூன்று வயதை ஒட்டியே அக்குழந்தை இறந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. நிமிர்ந்து நடந்த அவ்வுயிரினத்துக்கு நம்மைப் போன்ற நெடிய பிள்ளைப் பருவம் இன்னும் வாய்க்கவில்லை.

பல்லைப் படித்தவர் அனைவரும் சரியாகவே படித்தனர் என்று எண்ணலாகாது. 1922 இலே அமெரிக்காவின் நெப்ராஸ்காவிற் கிடைத்த ஒரு பல்லை மனிதக் குரங்கின் பல் என்று பெரிய அறிஞர் ஒருவர் முழங்கினார். 1927 அளவில் அது பன்றியினத்து விலங்கொன்றின் பல் என்று தெளிவாயிற்று. 1932 இல் இமயமலைச் சாரலில் ஹரிதல்யாங்கர் என்ற இடத்திற் கண்டெடுத்த தாடைத் துண்டுக்கு 'ராமாபித்தேக்கசு' என்று இராமபிரானின் பெயரையே சூட்டினர். 1960களில் அதுவே மனிதகுலத்தின் முதல் மூதாதை என்று பாடநூல்களும் எழுதின. பின்பு பாக்கிஸ்தானின் பொத்துவார் மேட்டுநிலத்தில் முழுமையான முகவெலும்பு கிடைத்தபோது, அது ஒராங்குட்டானின் உறவு என்று விளங்கியது. இராமபிரானுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சிறு துண்டைக் கண்டு பெருங் கோயில் கட்டியவர்களே வெட்கினர்.

இவற்றினும் பயன்மிக்க தவறு ஒன்று 1959 இல் நேர்ந்தது. தான்சானியாவின் ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி அம்மையார் கண்டெடுத்த மண்டையோட்டின் கடைவாய்ப் பற்கள் அளவிறந்து பெரியவை. மிளிரியும் மிகத் தடித்தது. கொட்டை உடைத்துத் தின்றவன் என்ற பொருளில் அதற்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. ஆனால் பல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களை ஆராய்ந்தபோது கொட்டை உடைத்த பள்ளங்கள் காணப்படவில்லை. 2011 இல் மிளிரியின் இரசாயனத்தைச் சோதித்தபோது, அவ்வினத்தாரின் உணவில் முக்காற் பங்கு புல்லும் கோரையும் சார்ந்தது என்று தெரிந்தது. பல்லின் வடிவம் 'என்ன தின்ன முடியும்' என்பதைக் கூறுகிறது. 'என்ன தின்றான்' என்பதை அதன் இரசாயனமே கூறுகிறது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் நம் நாட்டுக் கதை எளிதில் விளங்கும்.

இலங்கையின் மிகப் பழைய மனித எச்சங்கள் தென்மேற்கின் மழைக்காட்டுக் குகைகளிற் கிடைத்தவை. புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன் குகை, குருவிட்டையிலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கலவின் பெலிலென என்பன அவற்றுட் புகழ்பெற்றவை. சற்று வறண்ட நிலத்தில் பெல்லன்பண்டி பலஸ்ஸ உள்ளது. தேசிய அரும்பொருட்சாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அங்கே 1956 முதல் அகழ்ந்து, கண்ட மனிதருக்குப் பலாங்கொடை மனிதன் என்ற பெயரை நிலைபெறச் செய்தார். அவருடைய மைந்தர் சிரான் தெரணியகலவும் அமெரிக்க அறிஞர் கெனத் கென்னடியும் அப்பணியைத் தொடர்ந்தனர். தடித்த மண்டை, எழுந்த புருவ மேடு, வலிய தாடை, கண்ணைக் கவரும் பெரிய பற்கள் என்று பலாங்கொடை மனிதனை விவரித்தார் சிரான் தெரணியகல. இவ்வுடற்கூறுகள் பலவற்றை இன்றைய வேடரிடமும் காணலாம் என்பது அவர்கள் கொண்ட முடிவு.

இம்மனிதர் மழைக்காட்டில் உண்மையாகவே வாழ்ந்தனரா, அன்றி வெளியிலிருந்து எப்போதாவது வந்து தங்கிச் சென்றனரா என்பது பெரும் வினாவாக இருந்தது. 1980களின் இறுதியில் மானிடவியலாருட் சிலர், பயிர்ச்செய்கையின் துணையின்றி மழைக்காட்டில் மனிதன் நிலைத்து வாழவே இயலாது என்று வாதிட்டனர். அங்கே மாச்சத்து அரிது, விலங்குகள் சிறியன, அவையும் மரத்தின் உச்சியில் என்பது அவர்கள் கூற்று. குகையிற் கிடைத்த கருவிகளும் எலும்புகளும் ஒரு பருவத்துத் தங்கலைத்தான் காட்டுகின்றனவா என்ற ஐயத்தைத் தீர்க்கவில்லை.

தீர்த்துவைத்தது பல்லே. தாவரங்கள் காற்றிலிருந்து காபனை எடுத்துக்கொள்ளும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. மரம், செடி, கிழங்கு வகைகள், நெல் ஆகியவை ஒரு வழி. வெப்ப நாட்டுப் புற்கள், குரக்கன், சோளம், கரும்பு ஆகியவை மற்றொரு வழி. இரண்டாம் வகையில் பாரங்கூடிய காபன் சமதானி சற்று மிகுதி. அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் தாவரத்தில் அது மிகக் குறைவு. தாவரத்தைத் தின்ற விலங்குக்கும், விலங்கைத் தின்ற மனிதனுக்கும் அந்த அளவு தொடர்ந்து செல்கிறது. சென்று, மிளிரியிற் பதிகிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பாற்றிக் றொபேட்ஸ் என்பவரும் அவருடைய துணைவரும், இலங்கைக் குகைகளில் வாழ்ந்த இருபத்தாறு மனிதரின் பற்களையும், அதே குகைகளிற் கிடைத்த குரங்கு முதலிய விலங்குகளின் பற்களையும் இவ்வாறு சோதித்து, 2015 மார்ச்சில் முடிவை வெளியிட்டனர். அம்மனிதரின் காலம் 20,000 ஆண்டு முதல் 3,000 ஆண்டு வரை முற்பட்டது. இருவரைத் தவிர அனைவரும் காட்டு உணவே உண்டவர். திறந்த புல்வெளியின் சாயல் தெரிந்த அவ்விருவரும் 3,000 ஆண்டளவுக்கு முன்னர், இரும்பும் பயிர்ச்செய்கையும் பரவத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்தவர். 2017 இல் வெளிவந்த ஆய்வு இக்கணக்கை ஏறத்தாழ 36,000 ஆண்டு வரை பின்னே கொண்டுசென்றது.

இதன் பொருளை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், இத்தீவிலே திறந்த வெளிகளும் இருந்தன. அங்கே மானும் மரையும் மேய்ந்திருக்கும். அவ்வாறிருந்தும் அம்மக்கள் காட்டையே தமக்கு இல்லமாகக் கொண்டனர். ஒதுக்கப்பட்டு ஓடி ஒளிந்தவர் அல்லர், விரும்பித் தெரிந்தெடுத்தவர். 2019 இல் ஓஷான் வெதகே முதலிய ஆய்வாளர் பாகியன் குகையின் எலும்புகளை ஆராய்ந்து, 45,000 ஆண்டளவுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் மந்தி, குரங்கு, மர அணில் ஆகிய மரவாழ் விலங்குகளைத் தேர்ந்து வேட்டையாடினர் என்று காட்டினர். அடையாளங் காணப்பட்ட எலும்புகளில் நூற்றுக்கு எழுபது பங்களவு இத்தகைய விலங்குகளுடையவை. உச்சிக் கிளையில் தாவும் மந்தியை வீழ்த்துவது மான் வேட்டையினும் அரிது. வீழ்த்திய மந்தியின் எலும்பையே கூராக்கி மீண்டும் வேட்டைக்குப் பயன்படுத்தினர். கடற்சிப்பி மணிகளும் அக்குகையிற் கிடைத்துள்ளன. ஆகவே காட்டவர்க்கும் கரையோரத்துக்கும் தொடர்பு இருந்தது என்பது உறுதி. பிள்ளைகள் புதுப்பல் கேட்டு வேண்டும் அணிலின் பெரிய உறவினனை நம் தீவின் ஆதிக்குடிகள் பசிக்கு உணவாகக் கொண்டனர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

மட்டக்களப்பு மண்ணுக்கு இம்முறையைப் பொருத்தினால் ஒரு சிக்கல் எழும். நெல்லும் மரமும் ஒரே வழியிற் காபனைக் கொள்வன என்று சொன்னோம். ஆகவே படுவான்கரையில் நெற்சோறு உண்டு வளர்ந்தவனையும், பழமும் கிழங்கும் உண்டு திறந்த காட்டில் வளர்ந்தவனையும் காபன் மட்டும் எளிதிற் பிரித்துக் காட்டாது. சேனையிலே குரக்கனும் சோளமும் விளைவித்து உண்டவனையோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாவி மீனும் கடல் மீனும் நாளும் உண்பவனின் கணக்கு இன்னும் குழம்பும். ஆதலால் ஆய்வாளர் ஒட்சிசன் முதலிய பிற சான்றுகளையும் சேர்த்தே பார்க்கின்றனர். சோற்றுக்கும் காட்டுக்கும் வேறுபாடு தெரியாத ஒரு சாட்சியிடம் எல்லாவற்றையும் கேட்பது நியாயமன்று.

வெற்றிலைக் கறை வேறொரு சாட்சி. வாவியின் இரு கரைகளிலும் வெற்றிலைத் தட்டம் நீட்டாத வீடு ஒருகாலத்தில் அரிதாயிருந்தது. பாக்கும் சுண்ணாம்பும் பல்லைச் செந்நிறமாக்கிப் பின் கறுப்பாக்கும். கறை இல்லாவிடினும் பற்காரையிலே பாக்கின் சத்துத் தங்கிவிடும் என்பது 2025 இல் வெளியான ஆய்வொன்றால் தெரிந்தது. தாய்லாந்தின் நொங் ராட்சவாட் என்னும் இடத்தில் 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் கடைவாய்ப் பற்களிலே கறை சிறிதும் தெரியவில்லை. காரையைச் சோதித்தபோது பாக்கு மென்றவர் என்று புலப்பட்டது.

பற்சொத்தையைப் பற்றி ஒரு வரி. வேட்டையாடி வாழ்ந்தோர்க்குச் சொத்தை பொதுவிற் குறைவு; மாவுணவு பெருகியபின் மிகுந்தது. விலக்கும் உண்டு. மொறொக்கோவின் தபோறால்ட் குகையில் 15,000 ஆண்டளவுக்கு முன் வாழ்ந்த வேட்டுவர், இனிப்பான காட்டுக் கொட்டைகளை மிகுதியாக உண்டு, தம் பற்களிற் பாதிக்கு மேல் சொத்தையாக்கிக்கொண்டனர். பல்வைத்தியமும் பழையதே. பலுச்சிஸ்தானத்தின் மெகர்கார் என்னும் ஊரிலே 9,000 முதல் 7,500 ஆண்டு வரை முற்பட்ட கல்லறைகளில், தீக்கல் துறப்பணத்தால் உயிரோடிருந்தபோதே துளையிடப்பட்ட பதினொரு பற்கள் கண்டெடுக்கப்பட்டன. துளையிட்டவரைப் போற்றுவதா, துளையிடும்வரை பொறுத்திருந்தவரைப் போற்றுவதா!

இனி இவ்வாராய்ச்சியின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. இலங்கையின் கிழக்கிலே வேடர் இருவகைச் சூழலில் வாழ்ந்து வருகின்றனர். உள்நாட்டுக் காடுகளை ஒட்டியவர் ஒரு பகுதியினர். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை, பனிச்சங்கேணிப் பக்கங்களிலே கடலையும் வாவியையும் நம்பி வாழ்ந்து, தமிழே பேசும் கரையோர வேடர் மற்றொரு பகுதியினர். 1883 முதல் இலங்கையில் ஆராய்ச்சி செய்த சுவிற்சர்லாந்து நாட்டவரான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரு உறவினர், வேடர் வாழும் பகுதிகளில் அலைந்து அவர்களை அளந்தனர், படம் பிடித்தனர், மண்டையோடுகளையும் திரட்டிப் பாசெல் நகருக்குக் கொண்டுசென்றனர். மனிதகுலத்தின் மிகக் கீழான படியில் நிற்பவர் என்றும், வாலில்லாக் குரங்குக்கு அண்மையில் வைத்து எண்ணத் தக்கவர் என்றும் வேடரைப் பற்றி எழுதினர். அவர்கள் 1907 இல் மீண்டும் வந்து நில்கலைக் குகையில் அகழ்ந்து இத்தீவின் கற்காலத்தை உலகுக்கு அறிவித்தது பெரும்பணியே. அதன் பொருட்டு மற்றையதை மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்திலே ஐரோப்பாவின் பல கல்விநிலையங்களில் வேடரின் தலைகள் இலக்கமிடப்பட்டுப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. அவை எவருடைய தந்தை, எவருடைய தாய் என்று கேட்டவர் இல்லை.

அந்தச் சரசின்கள் அளவுகோலால் நிறுவ முயன்றதைப் பிற்காலத்தார் இரசாயனத்தால் கவிழ்த்துவிட்டனர் என்பதே இக்கதையிற் சுவையான இடம். 2018 இல், அத்தகைய பழைய தொகுப்புகளிலிருந்த வேடரின் பற்களும் இதே முறையிற் சோதிக்கப்பட்டன. அண்மைக் காலம்வரையிலும் அவர்களுடைய வாழ்விற் காட்டின் பங்கு நிலைத்திருந்தது தெரிந்தது. குகைப் பற்களின் சான்றோடு இதனைச் சேர்த்துப் படித்தால், காட்டில் வாழ்தல் கீழ்ப்படியில் நிற்பதன் அடையாளமன்று. முப்பத்தாறாயிரம் ஆண்டுகளாகக் காலநிலை மாறியபோதும் கைவிடாத ஒரு கல்வி என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. வேடருடைய நிலவுரிமை பற்றியும் வேட்டையுரிமை பற்றியும் பேசுவோர்க்கு இது வெறும் பழங்கதை ஆகாது. மதுறு ஓயாத் தேசிய வனம் 1983 இல் அறிவிக்கப்பட்டபோது, அக்காட்டில் வாழ்ந்த வேடர் பலர் வெளியேறிப் புதுக் குடியேற்றங்களுக்குச் செல்ல நேர்ந்தது. காட்டைக் காப்பதற்காக, காட்டை அறிந்தவரை அகற்றினர்.

பல்லைச் சோதிக்க இன்று முழுப் பல்லும் தேவையில்லை. மிளிரியிலிருந்து சில மில்லிகிராம் தூள் போதும். அத்தூளுக்கும் எவரிடம் அனுமதி பெறுவது என்ற வினா இப்போது எழுகிறது. சரசின்களின் நாளில் எழவில்லை. ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் தொகுப்பில் வேடரின் மண்டையோடுகள் ஒன்பது இருந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை எனப்பட்டன. 2019 நவம்பரில், வேடர் தலைவராகிய ஊருவரிகே வன்னில அத்தோ அங்கே நேரிற் சென்று அவற்றைப் பெற்றுக்கொண்டார்.